பள்ளித் தோட்டம் மே மாதத்தைத் தாண்ட வேண்டுமானால், குடும்பத்துக்கு ஒரு பாத்தி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 1 கிராம சபைக் கூட்டம் நெருங்குகிறது. பள்ளி வளாகத்திலோ அங்கன்வாடிக்குப் பின்னாலோ கிடக்கும் நிலத்தில் குழந்தைகளுக்காகக் காய்கறித் தோட்டம் போடலாம் என்று பேச்சு எழுகிற தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிகளுக்காக இதை எழுதுகிறோம். பள்ளிச் சத்துணவுத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தகைய தோட்டங்கள் நடவில் சாவதில்லை, மே மாதத்தில்தான் சாகின்றன. ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளியைப் பூட்டுகிறார்கள். ஜூனில் திறக்கும்போது காய்ந்த குச்சியும் ஆட்டுப் புழுக்கையும்தான் மிச்சம் இருக்கும். தோட்டத்தை வகுப்பின் கணக்கில் வைத்ததே இதற்குக் காரணம். வகுப்புக்கு விடுமுறை உண்டு, செடிக்குக் கிடையாது. பாத்தியைக் குழந்தையின் பெயரில் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டால், பாட்டியோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் தண்ணீரோடு வந்து நிற்பார்.

முதலில் அளவு. குழந்தைகளுக்கான பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. எட்டு வயதுக் குழந்தையின் கை ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரை அடிதான் எட்டும். அகலம் கூடினால் குழந்தை பாத்திக்குள் கால் வைக்கும். நம் செம்மண் ஈரத்தில் மிதிபட்டால் களத்துமேடு போல இறுகிவிடும், அதன்பின் வேர் இறங்காது. நீளம் 10 அடி போதும். நடைபாதை 2 அடி. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் உரம் தள்ளும் வண்டிக்கும் சேர்த்து, நடுவில் ஒரு பாதை மட்டும் மூன்றரை அடி இருக்கட்டும். இப்படி 24 பாத்திகள் போட்டால் பாதைகளோடு சேர்த்து மூன்றரை சென்ட் ஆகும். நாற்றங்கால், உரக்குழி, உட்காரும் நிழல் எல்லாம் சேர்த்து 5 சென்ட் வைத்துக்கொள்ளலாம். ஒரு சிற்றூருக்கு இதுவே தாராளம். அரை ஏக்கரில் ஆரம்பித்தால் களை எடுத்தே ஆள் சலித்துப்போவார்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கடப்பாரையைத் தொட வேண்டாம். ஒரு பாத்திக்குச் சாதாரண நாளில் 14 லிட்டர் தேவை, அதாவது ஏறக்குறைய ஒரு குடம். பங்குனி, சித்திரையில் 20 லிட்டர் வரை போகும். 24 பாத்திக்கு நாளுக்கு 340 லிட்டர், கோடையில் 480 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் மூன்று நாள் ஓடும், கோடையில் இரண்டே நாள். கைகழுவும் குழாயின் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரலாம். நூறு பிள்ளைகள் மதியம் கை கழுவினால் நூறு லிட்டருக்குக் குறையாது. ஆனால் அந்தச் சோப்புத் தண்ணீரை வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றுக்கு விடுங்கள். கீரைப் பாத்தியில் விடக் கூடாது.

இங்கே நம் மாவட்டங்களுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் வலி என்று தலைமுறைகள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் அது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம் வைத்த உச்ச வரம்பு. தோட்டத்துக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இழுத்து ஒரு குழாய் வைத்துவிட்டால், வெயிலில் வேலை செய்த குழந்தை அதையே திறந்து குடிக்கும். எத்தனை முறை சொன்னாலும் குடிக்கும். ஆகவே தோட்டக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்க்குச் சிவப்பு அடித்து, பக்கத்திலேயே ஒகேனக்கல் குடிநீர் நிரப்பிய பானையும் டம்ளரும் வைக்க வேண்டும். சிவப்பு அடித்தால் மட்டும் போதாது, பானையும் இருக்க வேண்டும்.

பாத்தியின் உருவத்தில் ஒரு தவறு பரவிவருகிறது. பெருநகரத் தோட்டப் படங்களைப் பார்த்து, பலகை அடித்து ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுவதைத்தான் சொல்கிறோம். மழை மிகுந்த ஊருக்கு அது பொருந்தும். நம் காற்றிலும் வெயிலிலும் மேட்டுப்பாத்தி நான்கு பக்கமும் காய்ந்துவிடும், பலகையைக் கறையான் தின்னும். இங்கே தை முதல் வைகாசி வரை பாத்தியைத் தரைமட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே இறக்கி, சுற்றி வரப்புக் கட்ட வேண்டும். ஆவணி முதல் ஐப்பசி வரை மழை பிடிக்கும் காலத்தில் மண்ணைக் கூட்டி நான்கு விரற்கடை மேலே தூக்கினால் போதும். பலகை, சிமெண்ட், செங்கல் எதுவும் தேவையில்லை.

மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, கல் பொறுக்க வேண்டும். நம் பக்கத்து மண் பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது, கீழே பாறைதான். அப்படிப்பட்ட இடத்தில் பப்பாளி, முருங்கையைத் தவிர்த்துக் கீரையோடு நிற்கலாம். மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது வரப்பு ஓரம், எருக்குவியல் பக்கம் விட்டு ஐந்தாறு இடங்களில் அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டைச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொடுங்கள். தண்ணீரையும் அரை லிட்டர் கொடுக்க வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டபின் பிடிக்கவும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணாக இருந்தால் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து மாலையில் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். அதைப் பார்த்து யூரியா போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

உரம் பாத்திக்கு முதல் ஆண்டில் 15 கிலோ மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. அடுத்த பயிர்களுக்கு 7 கிலோ போதும். பச்சைச் சாணத்தைப் போட்டால் வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் கறையானும் சேரும், குழந்தைகளின் விரலில் நோய்க் கிருமியும் ஒட்டும். பட்டுப்புழு வளர்க்கும் ஊர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. தட்டில் மிஞ்சும் மல்பெரி இலையும் புழு எச்சமும் அருமையான உரம். ஆனால் வளர்ப்பு மனையில் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவுவார்கள் என்பதால், அதை நேரடியாகப் போடாமல் சாணக்கரைசல் தெளித்து மூன்று மாதம் மக்கவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி விளைச்சல். இதில்தான் மேடைப்பேச்சும் நிலமும் பிரிகின்றன. பள்ளிக்குத் தேவையான காய்கறி முழுவதையும் பள்ளித் தோட்டத்திலேயே விளைவித்துவிடலாம் என்று சொல்வார்கள். முடியாது. மதிய உணவுக்கான மத்திய அளவுப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி. 60 பிள்ளைகளுக்கு 3 கிலோ. நன்றாகப் பராமரித்த முளைக்கீரைப் பாத்தி ஒன்று, 25 நாளில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ தரும். அதாவது ஒரு மாத உழைப்பு ஒரு நாள் சமையலுக்கு! இதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. ஆனால் நான்கு பாத்திகளைப் பொதுவில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக விதைத்து வந்தால், நான்காம் வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் சத்துணவில் தோட்டத்துக் கீரை விழும். அதே நாளில் வெட்டிய பாத்தியில் மறு விதைப்பு. 24 பாத்தியில் 4 பொது, 20 குடும்பங்களுக்கு என்று பிரிப்பதே எங்கள் பரிந்துரை.

கீரை விதை ஒரு பாத்திக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். கைநிறைய அள்ளி வீசினால் நூலாக முளைத்துச் சாய்ந்து அழுகும். பத்துப் பங்கு மணலில் கலந்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை தூவ வேண்டும். மேலே மண்ணைப் போட்டு மூடாமல், கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும். செம்மண்ணில் பெரிய துளியாகத் தண்ணீர் விழுந்தால் மேற்பரப்பு ஓடு போலப் பொறுக்கு கட்டும், முளை அதை உடைத்து வராது. கேழ்வரகுத் தாளை மெல்லிதாகப் பரப்பி அதன் மேல் பூவாளியால் தெளித்து, மூன்றாம் நாள் முளை கண்டதும் மாலையில் தாளை எடுத்துவிடுங்கள். மாலை என்பது முக்கியம். காலையில் எடுத்தால் அன்றைய வெயிலிலேயே வதங்கும்.

முதல் மாதத்தில் நாற்று வறட்சியால் சாவதைவிட அன்பால் சாவதே அதிகம். காலையில் ஒரு பிள்ளை ஊற்றும், இடைவேளையில் இன்னொன்று, மாலையில் அம்மா. தண்டின் அடி கறுத்து மடிந்துவிடும். நாளுக்கு ஒருவர் என்று பலகையில் பெயர் எழுதுங்கள். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது என்று பழக்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு 2 லிட்டர் பூவாளிதான் தூக்க முடியும். ஏழு நடை நடந்தால் ஒரு பாத்தி. சொட்டுநீர்க் குழாய் போட வேண்டாமா என்று கேட்பார்கள். பெரியவர்களின் நிலத்துக்கு அது சரி. நம் உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், ஐந்தடி உயரத் தொட்டியின் அழுத்தம் வழக்கமான சொட்டுவானுக்குப் போதாது. அதைவிட முக்கியம், குழந்தை செடியை நாள்தோறும் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பே போய்விடும்.

என்ன பயிரிடுவது? பாலக்கோடு, ராயக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில் தக்காளி வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சுற்றிலும் தக்காளிக் காடு, அங்கிருந்து வெள்ளை ஈயும் இலைச்சுருட்டு நோயும் ஊசிப்புழுவும் தானாக வந்து சேரும். மருந்தில்லாமல் பிழைக்காது, குழந்தைகள் புழங்கும் இடத்தில் மருந்து அடிக்கவும் கூடாது. விலை விழுந்த நாளில் ஊரே தக்காளியை ஓரமாகக் கொட்டும்போது, குழந்தை பறித்த கூடைக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்? வயலுக்கு அருகில் உள்ள தோட்டமானால் மருந்துச் சாரல் காற்றில் வராமல் சுற்றி மூன்று வரிசை சோளம் நெருக்கமாக விதைத்துவிடுங்கள்.

வெண்டையைப் பொதுப் பாத்தியில் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரல் அளவு இருந்த காய் திங்கட்கிழமை நார் பிடித்துவிடும். ஞாயிறும் வீட்டிலிருந்து வரக்கூடிய குடும்பப் பாத்திக்குத்தான் அது ஏற்றது. இராத்திரி ஊறவைத்த விதையை ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்றினால் பாத்திக்கு 20 குழி. பறிக்கும்போது சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் தாமதத்தைக் கத்தரி பொறுக்கும், கொத்தவரை ஓரளவு பொறுக்கும்.

நம் மண்ணின் பயிர் அவரை. பந்தல் அவரையை ஆடியில் ஊன்ற வேண்டும். பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஐப்பசியில் பூவெடுத்து, கார்த்திகை, மார்கழி, தை என்று காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், பூ எடுக்காது. விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள், தவறு பட்டத்தில், அதாவது விதைக்கும் பருவத்தில், இருக்கிறது. செடி அவரைக்கு இந்தத் தொல்லை இல்லை, 60, 65 நாளில் காய்க்கும். பந்தலுக்கு நான்கு கல்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் கறையான் பயமில்லை. பத்தடிக்குப் பத்தடி போதும், மூலைக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொடி. அதன் கீழேயே பிள்ளைகள் உட்காரலாம். மார்கழிப் பனியில் கறுப்பு அசுவினி கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். முதல் வாரம் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலக்கி, பிள்ளைகள் போனபின் பெரியவர் தெளிக்கட்டும்.

முருங்கை கட்டாயம் வேண்டும். ஆனால் பாதையோரமும் பந்தல் பக்கமும் வேண்டாம். மழைக்குப் பின் அடிமரத்தில் திரளும் கம்பளிப்பூச்சி பட்டால் குழந்தையின் உடம்பெல்லாம் தடித்துவிடும். வேலிக் கடைசியில் வைத்து, மூன்றடி உயரத்தில் நுனி கிள்ளிக் கிளைக்கவிட்டால் கீரையும் கைக்கெட்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற காட்டோர ஊர்களில் வாழை, கரும்பு, பலா எதையும் தோட்டத்தில் வைக்காதீர்கள். கேழ்வரகு முற்றும் காலத்தில் இறங்கும் யானைக்கு அது அழைப்பாகிவிடும். அங்கே கத்தரி, மிளகாய், கீரை போதும்.

நாற்றும் விதையும் ஆலோசனையும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், ஜீனூர் தோட்டக்கலைப் பண்ணை ஆகிய இடங்களில் கேட்கலாம். முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஆடி பிறந்தபின் போனால் வரிசையில் நிற்க நேரும்.

ஆடு வேலியை உடைத்து வருவதைவிடத் திறந்து கிடக்கும் கதவு வழியாக வருவதே அதிகம். படலின் மேல் முனையில் கயிறு கட்டி, கம்பத்தின் கவட்டை வழியாகக் கல்லைத் தொங்கவிட்டால் தள்ளித் திறந்த கதவு தானே மூடிக்கொள்ளும். வேலிக்குக் கிளுவைப் போத்து நான்கடி நீளத்தில் வெட்டி, மழைக்கு முன் அரையடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். நெருங்க இரண்டு ஆண்டு ஆகும், அதுவரை ஐந்தடி வலை. நாலடி வலையில் ஆடு முன்காலை ஊன்றி நின்று மேய்ந்துவிடும்.

பாதுகாப்புக்குச் சில: பத்து வயதுக்குக் கீழே மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்து போதும். கல்லைக் கையால் புரட்டாமல் குச்சியால் புரட்ட வேண்டும், தேள் இருக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பெரியவர்கள் கையுறை போட்டுப் பிடுங்கட்டும். வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பள்ளியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையை எந்தக் குழந்தையும் தவறவிடக் கூடாது.

இப்போது மே மாதத்துக்கு வருவோம். பங்குனிக் கடைசியில் கீரை, காய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பொதுப் பாத்திகளை நாலு விரற்கடை கனத்துக்குத் தாளாலும் சருகாலும் மூடிவிட வேண்டும். தண்ணீர் கேட்பது முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, அகத்தி மட்டுமே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடியில் துளையிட்டுத் திரி செருகிய பத்து லிட்டர் மண்பானையைக் கழுத்தளவு புதைத்து மூடிவைத்தால், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். 20 குடும்பங்கள் மே மாதத்தைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைக்கு மேல் வராது. கோடை மழை ஒன்று இறங்கியதும் தாளை ஒதுக்கி, பசுந்தாள் உரமாகச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கிக் கொத்திவிடுங்கள். ஆடிக்கு மண் தயார்.

குடும்பங்களுக்குள் விதி சுருக்கமாக இருக்கட்டும். மூன்று வாரம் களை எடுக்காத பாத்தி, ஒரு முறை நேரில் கேட்டபின், காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போகும். நோய், பிரசவம், பெங்களூருக்கு வேலைக்குப் போனது என்றால் பக்கத்துப் பாத்திக்காரர் பார்த்துக்கொள்வார், விளைந்ததில் பாதி அவருக்கு. பாத்தி ஒதுக்குவதைக் குலுக்கல் முறையில், எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். தெருவாரியாகப் பிரித்துவிடாதீர்கள். எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையின் பக்கத்திலும் நின்று களை எடுக்க வேண்டும். இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை. தராசும் நோட்டும் குழந்தைகள் பொறுப்பில் இருக்கட்டும். தேதி, பாத்தி எண், பயிர், எத்தனை கிராம் என்ற நான்கு பத்தி போதும்.

கிராம சபைத் தீர்மானத்தில் ‘தோட்டம் அமைக்கப்படும்’ என்ற ஒற்றை வரி எழுதினால் அது ஏட்டிலேயே நின்றுவிடும். நிலத்தின் சர்வே எண், தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து, மின்கட்டணம் யார் கணக்கில், சாவி யார் கையில், மே மாதப் பட்டியலை யார் எழுதுவது ஆகிய ஐந்தும் எழுத்தில் வர வேண்டும். மே மாதம் தீர்மானம், வைகாசியில் மண் வேலை, ஆனியில் உரமும் வேலியும் என்றால் ஜூலை நடுவில் ஆடிப்பட்டத்துக்கு விதை ஊன்றலாம். இந்த ஆடி தவறினால் பந்தல் அவரைக்கு அடுத்த ஆடிதான். கீரையையும் முள்ளங்கியையும் மட்டும் புரட்டாசியில் தொடங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோட்டப் பணியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.